கேன் மூடியும் மாதாவும்

ஏ மருமவனே, கரையில நிக்கும்போது உன் வள்ளத்து இஞ்சின் ஊரையே எழுப்புது. வான் தீவு கண்ணுல படுற தூரம் போனதும் படுத்துக்கிடுது. நீயும் கயித்த இழு இழுன்னு இழுத்துத் தோள்பட்டையைத்தான் வளத்து வச்சிருக்கே. கார்பரேட்டரை ரெண்டு மட்டம் கழட்டிப் பூட்டியாச்சு. புது பிளக்கும் போட்டாச்சு. மாதா கெபியில மெழுகுதிரியும் ஏத்தியாச்சு. கேன் மூடியில இருக்க காத்துத் திருகை மட்டும் எவனும் தொடல.

பெட்ரோல் வெளிய போனா அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும்லா? திருகு மூடிக் கெடந்தா கொஞ்ச நேரம் ஓடும், பொறவு பம்பு உறிஞ்சிப் பாத்துட்டு நிறுத்திக்கிடும். மாதா ஒரு கையில புள்ளைய வச்சிருக்கா. மறு கையால வந்து உன் கேனைத் தொறக்கணுமாக்கும்!

அடுத்த மட்டம் நின்னா கயித்தத் தொடாதே. ஓஸ்ல இருக்க ரப்பர் பல்பைப் புடிச்சுப் பாரு. பல்லு போன கிழவி கன்னம் மாதிரி ஒட்டிக் கெடந்தா, ஒண்ணு திருகு, இல்லாட்டி கேனுக்குள்ள அடைப்பு. அமுக்க அமுக்கக் கெட்டிப்படாம கொழகொழன்னு இருந்தா, ஓஸ் மூட்டுல எங்கியோ காத்து இழுக்குது. இஞ்சின் தெணறும்போது பல்பை அமுக்குனா உசுரு வருதா? அப்ப இஞ்சின் பக்கத்து பெட்ரோல் பம்பைப் பாரு. பல்பு கல்லாட்டம் இருந்தும் நின்னாத்தான் கார்பரேட்டர் ஜெட்டு, பிளக்குன்னு நீ ஸ்பானர் தூக்கணும். உனக்கு ஸ்பானர் தூக்கத்தான் முதல்ல கை வருது.

கேனோட அடிப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டில்ல புடிச்சு வையி. தண்ணி இருந்தா கீழ தங்கும். அதுக்கும் நீ காசு குடுத்துத்தான் வாங்கிருப்பே.

ஆயில் விசயத்துல நீ பெரிய தர்மபிரபு. 50க்கு 1னு போட்ட இஞ்சினுக்கு 25 லிட்டர் பெட்ரோல்ல அரை லிட்டர் போதும். கூட ஊத்துனா பலம் வராது, பிளக்குல கரிதான் புடிக்கும். பின்னால தண்ணி பீச்சுறது மெலிஞ்சா உடனே நிறுத்து, சூடேறிச் செத்துப்போவும். ஆறுனதும் அந்த ஓட்டையில தங்கூசி நரம்பை விட்டுக் குத்து.

முந்தாநாள் இஞ்சின் நின்னதுக்கு மட்டும் இதுல ஒண்ணும் காரணமில்ல. உருவுனா இஞ்சினை நிறுத்துற செவப்புக் கயித்த இடுப்புல மாட்டிக்கிட்டே முன்னால நண்டு பொறுக்கப் போனது யாருன்னு நான் கேக்கல. உன் அத்தைகிட்டயும் சொல்லல. அந்த நண்டு எங்க?