வோல்ட்டுக்கும் கணக்கு உண்டுலே

ஏலே பேராண்டி, இங்க வந்து உக்காரு. புதுப் பேனலுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டியாமே! அதுக்குள்ள என்னலே இருக்குன்னு கேட்டா, 'ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ், தாத்தா, எல்லாம் டிஜிட்டல்'ங்கிற. டிஜிட்டல்னா கரண்ட் வேண்டாமா? கம்பி வேண்டாமா? அளக்கிற கருவி ஒரு கூட்டத்துக்கே சேத்து ரெண்டே கம்பி. கரண்டும் அதுலதான் போகுது, சேதியும் அதுலதான் போகுது. வேடிக்கையே அங்கதாம்லே இருக்கு.

நீ என்ன செய்வ? இருக்கிறதுலயே ஒசத்தியான 24 வோல்ட் சப்ளையா வாங்கியாந்து நேரா மாட்டுவ. மாட்டிப் பாரு. ஒரு டிரான்ஸ்மிட்டர் வாயத் தொறக்காது. ஏன்? நல்ல சப்ளைன்னா வோல்ட்டை அசைய விடாமப் புடிச்சு வைக்கும். இந்தக் கருவிங்க பேசுறதே அந்த வோல்ட்டை ஆட்டித்தான். வாயெடுத்தாலே 'சும்மா இரு'ன்னு அதட்டுற மாமனார் நடுக்கூடத்துல உக்காந்திருந்தா, அந்த வீட்டுல யாரு பேசுவா? அதுக்குத்தான் நடுவுல பவர் கண்டிஷனர்னு ஒண்ண வைக்கிறது. கரண்டை விடும், ஆட்டத்தைத் தடுக்காது. பெரிய பேரு போட்டு விக்கிறானே பவர் மாடியூலு, அதோட முக்காவாசி சூட்சுமம் அம்புட்டுதான்.

ஆட்டமாவது பெருசா? ஒரு கருவி பேசுனா கரண்டு ஏறி எறங்குறது சுமாரா 20 மில்லி ஆம்பியர். கம்பியோட ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு டெர்மினேட்டர், 100 ஓமும் 1 மைக்ரோஃபாரடும் வரிசையா. சேதிக்கு ரெண்டும் சேர்ந்து 50 ஓமாத் தெரியும். பெருக்கிப் பாரு, 1 வோல்ட். அதுதான் கருவியோட மொத்தக் குரலே. இப்ப ஒரு புத்திசாலி வாரான். ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள டெர்மினேட்டர் சுவிட்சு ஒண்ணு சும்மா கெடக்கேன்னு அதையும் தட்டி விடுறான். மூணாச்சா? 50 ஓமு 33 ஆச்சு. குரலு மூணுல ஒரு பங்கு போச்சு. கேட்டா, 'எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன்'ங்கிறான். எதுக்குலே?

இன்னொரு கூத்து, இந்தக் கணக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாக. நீங்க கம்பியில போடுறதை எவனாவது அளக்கிறீங்களா? ஒரு கருவி 20 மில்லி ஆம்பியர் குடிக்குதுன்னு வையி. 16 கருவிக்கு 320. ஏ டைப் கேபிளு, போகவர கிலோமீட்டருக்கு 44 ஓம். ஒரு கிலோமீட்டர் தள்ளி எல்லாத்தையும் கொண்டுபோய்க் கட்டுனா வழியிலயே 14 வோல்ட் காலி. 24-ல 14 போனா மிச்சம் 10. கருவிக்குக் கொறஞ்சது 9 வேணும். 'எடந்தான் இருக்கே'ன்னு இன்னும் ரெண்டு கருவியச் சேத்தியோ, 8-க்கு எறங்கிரும். அப்பொறம் 'சாஃப்ட்வேர் சரியில்ல'ன்னு கம்ப்யூட்டர்காரனை வைவீங்க. பாவம் அவன்.

பழசுதான் ஒசத்தின்னு சொல்ல வாரேன்னு நெனைக்காத. 4–20 மில்லி ஆம்பியர் காலத்துல ஒரு கருவிக்கு ஒரு சோடி கம்பி இழுத்து இடுப்பொடிஞ்சவன் நான். ஆனா அப்ப ஒரு கம்பி போனா ஒரு கருவிதான் போகும். இப்ப ஒரு ஷார்ட்டு, பதினாறும் படுத்துரும். அதான் கிளைக்குக் கிளை கரண்டை மட்டுப்படுத்த செக்மென்ட் புரொட்டக்டர் வைக்கிறது. 'செலவு மிச்சம்'னு அதை வெட்டுனவனை மொதல்ல தேடு.

வேகம் பத்தலைங்கிறியா? நொடிக்கு 31.25 கிலோபிட்டுதான், ஒத்துக்கிடுதேன். அது நெதானமாப் பேசுறதாலதாம்லே நல்ல கேபிள்ல 1900 மீட்டர் வரைக்கும் போகுது. தொட்டித் தண்ணி மட்டம் என்ன, நொடிக்கு நூறு தரமா மாறுது? 2021-ல ஈதர்நெட் ஏபிஎல்னு வந்திருக்கு, அதே ரெண்டு கம்பியில 10 மெகாபிட், 320 மடங்கு. வரட்டும், நல்லதுதான். வேகம் கூடுனா கிளாண்டு தானா முறுகிக்கிடுமா? மழை பேஞ்சா பாக்ஸுக்குள்ள தண்ணி எறங்காதா? ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணி வச்சிருக்கிறவன் திருந்திருவானா?

கடைசியா அந்த 'ரிடண்டண்ட்' பெருமைக்கு வாரேன். ஒரு பவர் மாடியூல் செத்தா இன்னொண்ணு தாங்கும்னு ரெட்டைச் செலவு செஞ்சிருக்கீக. நல்ல காரியம். ரெண்டுக்கும் கரண்டு எங்கேருந்துலே வருது? பல எடத்துல பாத்திருக்கேன், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மாடியூலு, ரெண்டுக்கும் ஒரே பிரேக்கரு. அது விழுந்தா ரெண்டும் சோடியாச் சாகும். நாளைக்குப் போட்டோ எடுக்கிறதுக்கு முன்னால பேனலுக்குப் பின்னால போயி, ரெண்டு மாடியூலுக்கும் வர்ற கம்பியைக் கையால புடிச்சு, எந்த பிரேக்கர்ல போய் முடியுதுன்னு பாத்துட்டு வா.