இரண்டாம் வயிற்றுக்காரி

வன்னியில் முதற் பிள்ளைத்தாச்சியைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். குடை பிடித்து மெல்ல நடப்பாள். பின்னால் மாமி பையைத் தூக்கிக்கொண்டு வருவார். இரண்டாவதைக் கண்டுபிடிக்க முன்னால் ஓடுகிற மூத்ததைப் பார்க்க வேண்டும். வயது ஒன்றரை, ஒரு காலில் மட்டும் செருப்பு. மற்றச் செருப்பை ஒரு கையிலும் நாரியை மறு கையிலும் பிடித்தபடி துரத்தி வருகிறவள்தான் நம் ஆள்.

"எத்தனை கிழமை?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வயிற்றில் நாட்கணக்கோடு ஒப்புவித்தவள், இப்போது, "பொறுங்கோ, கிளினிக் காட்டைப் பார்த்துச் சொல்லுறன்" என்பாள். காட்டின் ஒரு மூலை மூத்தவளின் வாய்க்குள் இருக்கும்.

நல்லவேளை, கணக்கு வைக்க வேறொருவர் இருக்கிறார். 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து வேரூன்றிய ஏற்பாடு இது: குடும்பநல உத்தியோகத்தர், ஊர்வாயில் மிஸ்ஸி, ஸ்கூட்டியில் படலைக்கே வந்துவிடுவார். வயிற்றைத் தடவிப் பார்த்து, "தொப்புளடிக்கு வந்திட்டுது, இருபது கிழமை, பாதி தாண்டுது" என்பார். அதைக் கேட்டு அதிகம் திடுக்கிடுகிறவள் பிள்ளைத்தாச்சிதான்.

இரண்டாம் பிள்ளையின் துடிப்பு முதலாவதைவிடச் சில கிழமை முந்தியே தெரியும் என்பது உண்மை. இவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் உள்ளேயிருந்து உதைத்ததா, மடியில் கிடப்பது உதைத்ததா என்று யார் விசாரிப்பது? இடது பக்கம் சரிந்து படுங்கோ என்பது மிஸ்ஸியின் கட்டளை. இடது பக்கம் மூத்தவளின் போமிட் காணி. எல்லைக்கல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் நடுச்சாமத்தில் ஊர் எழும்பும்.

திரிபோசா கதை இதைவிட மோசம். 1973இலிருந்து நாடு கொடுத்துவரும் சோளம், சோயா, பால்மாக் கலவை. மாதத்துக்கு இரண்டு பைக்கற், தாய்க்கு. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு இவள் உருண்டை பிடிப்பாள். ஐந்தாவது உருண்டை பிடிக்கும்போது முதல் நாலும் இராது. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடக்கூடாதென்பதும் மனப்பாடம்தான். இருந்தாலும் இருந்து குடிக்கக் கிடைக்கிற ஒரே சாமான் தேத்தண்ணி. அதுவும் ஆறினபிறகு.

கணவனைக் குறை சொல்ல முடியாது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி திறந்தால் அவன் வயலோடு. இரவில் வந்து, "பாரம் தூக்காதை" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, பதினொரு கிலோவை அவள் இடுப்பிலேயே ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவான்.

நாரி நோகுதென்று மாமியிடம் மட்டும் சொல்லக்கூடாது. "96 இடப்பெயர்விலை கிளிநொச்சியிலையிருந்து அக்கராயனுக்கு நிறைமாதத்தோடை நடந்தனான், கையிலை ஒண்டு, தலையிலை மூட்டை" என்று தொடங்குவார். அதற்குப் பதில் சொல்ல இந்த உலகத்தில் ஆளில்லை. இவள் பேசாமல் கூட்டுமாற்றை எடுப்பாள். பக்கத்து வீட்டு ஆச்சியின் பங்கு வேறு: மூத்தது குனிந்து கால்களுக்கு நடுவால் பார்த்தபோதே அடுத்தது வருகிறதென்று தனக்குத் தெரியுமாம்.

கிளினிக் நாளில் இருவருக்கும் ஊசி. பதினெட்டு மாதத்தாளுக்கு முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும்; தாய்க்கு ஏற்பு ஊசி, முதல் வயிற்றில் இரண்டு போட்டவளுக்கு இந்த முறை ஒன்று போதும். மூத்தவளின் அழுகையில் வாங்கில் இருந்த அத்தனை பேரும் எழும்பி வந்து ஆளுக்கொரு மாரி பிஸ்கட் நீட்டினார்கள். அந்த அமளிக்குள் தாயின் ஊசி போட்டு முடிந்ததைத் தாயே கவனிக்கவில்லை.

மூத்தவளின் றோஸ் நிறப் புத்தகத்தையும் தன் காட்டையும் தாய் ஒன்றாகப் பைக்குள் திணிக்கும்போது மிஸ்ஸி கேட்டார்:

"அடுத்தது எப்ப எண்டு தெரியும்தானே, தங்கச்சி?"

"ஓம் மிஸ்ஸி, மூண்டு வயசிலை."

"பிள்ளைக்கில்லையம்மா, உங்களுக்கு!"