இடிச்சிரு மருமகனே

கரமனை வீட்டை இடிக்கவா, வைக்கவான்னு மாமங்கிட்ட யோசனை கேக்கிய. இடிச்சிரு. வீடு பிழைக்க வேற வழியில்ல.

நீ கடப்பாரை எடுத்த அன்னைக்கே பழைய சாமான் வியாபாரி வந்து நிப்பான். தூண், கதவு, சாருபடி எல்லாம் வண்டியேறிப் போவும். அடுத்த சீசன்ல பாரு, உங்க ஆச்சி சாஞ்சு சாஞ்சு மினுங்கின அதே சாருபடி கோவளத்துல ஏதோ ரிசார்ட்டுல கெடக்கும். அங்க அதுக்கு எண்ணெய் போட்டுத் தொடைக்கச் சம்பளத்துக்கு ஆளு உண்டு. இங்க உங்கையில துணியைக் கண்டு எவ்வளவு காலமாச்சு?

நாலாஞ்சிறையில இருந்தாரே லாரி பேக்கர், இங்கிலாந்துக்காரரு. ஊரான் இடிச்சுப்போட்ட கதவையும் ஓட்டையும் தேடி வாங்கித்தான் வீடு கட்டினாரு. நமக்கு அதெல்லாம் கொறச்சலு. நடுமுற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடணும், அடியில பிளாஸ்டிக் துளசி வைக்கணும். பத்மநாபபுரம் கொட்டாரத்துல செரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்துத் தேச்ச தரை இன்னைக்கும் மொகம் காட்டுது. நீ கறுப்பு கிரானைட்டைப் பதிச்சுட்டு பாரம்பரியம்னு போட்டோ அனுப்பு.

அந்தக் கொட்டாரமும் ஒரு வேடிக்கைதான். மண்ணு கன்னியாகுமரி ஜில்லா, பாத்துக்கிடுதது கேரளத் தொல்லியல் துறை. ஓடு உடையாமப் பாகம் பிரிச்சது அது ஒண்ணுதான். நம்மாளுக சும்மாவா இருந்தோம்? 1925-ல நாயர்மாருக்குப் பாகச் சட்டம் வந்துச்சு, பொறத்தாலயே நாஞ்சில் வெள்ளாளருக்கும் வந்துச்சு. அறைப்பெட்டி ஒருத்தனுக்கு, கெணறு ஒருத்தனுக்குன்னு அறுத்தாச்சு. சர்ப்பக்காவு மட்டும் யாருக்கும் வேண்டாம். ஆயில்யத்துக்கு விளக்கு வைக்கணும்லா!

கறையான்னு அழுதியே, அதுக்கும் கேட்டுக்கோ. கூரை மரத்தைக் காத்தது எந்த மருந்தும் இல்ல. உங்கம்மை, எங்கூடப் பொறந்தவ, கண்ணு கலங்க ஊதுன அடுப்புப் புகை. கேஸ் வந்த அன்னைக்கே கறையானுக்குப் பால்காய்ப்பு நடந்தாச்சு. இனி வருசா வருசம் ஆளு ஏறித் தட்டிப் பாக்கணும், ஒழுகுத ஓட்டை மாத்தணும். இடவப்பாதி மழை யாருக்காவும் காத்திருக்காது.

அதனால இடிச்சிரு. மனசு வரலைன்னா ஞாயித்துக்கெழமை வா, ஏணி நம்ம வீட்டுலதான் இருக்கு. மருமகன்னு பாக்கமாட்டேன், வாடகை உண்டு.