சீரியல் செட்டும் சிக்கெடுக்கும் சம்சாரியும்

டிசம்பரில் ஏணி போட்டு ஏறுகிறவனுக்குத் தெருவே கூட்டாளி. "அண்ணாச்சி, ஸ்டாரைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் கட்டுங்க" என்று சைக்கிளில் போகிறவர்கூட இறங்கி நின்று சொல்லிவிட்டுப் போவார். ஒருவர் ஏணியைப் பிடிப்பார். உள்ளேயிருந்து தட்டில் முந்திரிக்கொத்து வரும். அதே மனிதன் ஜனவரியில் அதே ஏணியில் ஏறி அதே சீரியல் செட்டைக் கழற்றும்போது எட்டிப் பார்க்க ஒரு காக்கை கிடையாது. முந்திரிக்கொத்து டின்னிலும் தூள்தான் மிச்சம். கழற்றுகிற வேலைக்கு மரியாதை இல்லாத ஊரில் அதை நான் தள்ளிப்போடுவதில் என்ன ஆச்சரியம்?

ஜனவரி 6, பிரசன்னத் திருநாளோடு அலங்காரத்தை இறக்கிவிட வேண்டும் என்பது மேல்நாட்டு வழக்கம். பாளையங்கோட்டையில், ஊசிக் கோபுர மணி காதில் விழுகிற தூரத்தில் குடியிருந்தாலும், எங்கள் வீட்டில் அத்தனை கறார் கிடையாது. வருஷப் பிறப்பு போகட்டும் என்பேன். "பொங்கலுக்கு இருந்துட்டுப் போகுது, எதிர்வீட்டுக்காரங்களுக்கும் சந்தோஷம்தானே" என்று மதநல்லிணக்கம் பேசுவேன். பொங்கல் போனதும் குடியரசு தினம் வரும், தேசபக்தி பேசுவேன். தவக்காலமான லெந்து நாட்கள் நெருங்கும்போதுதான் பயம் பிடிக்கும். சாம்பல் புதனன்று வாசலில் ஸ்டார் மினுங்கினால் போதகரின் மனைவி ஐயரம்மா ஆலயத்தில் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், புன்னகை செய்வார்கள். அதைத் தாங்க முடியாது.

ஆக, அவசரத்தில் கழற்றுவேன். சுற்றுவதில் எனக்கு ஒரு பாணி உண்டு. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சரசரவென்று சுற்றுவது. கிணற்றுக் கயிற்றைத் தாத்தா அப்படித்தான் சுற்றுவார். பார்க்கிறவர்களுக்கு நான் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் என்றே தோன்றும். தேங்காய் நார்க் கயிறு வேறு, வயர் வேறு என்பதைத் தாத்தா சொல்லித் தரவில்லை. ஒரே பக்கமாகச் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் வயர் ஒரு முறுக்கு வாங்கிக்கொள்கிறது. கையை விட்டு இறக்கியதும் அந்த முறுக்கையெல்லாம் திருப்பிக் காட்டுகிறது. அது காட்டாமலிருக்க இரண்டு ரப்பர் பேண்ட் போடுவேன். மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே எங்கள் பரண். மே மாத வெயிலில் அங்கே ரப்பர் பேண்ட் திருநெல்வேலி அல்வாப் பதத்துக்கு வந்து, பச்சை வயரோடு ஒட்டிக் கிடக்கும். டிசம்பரில் நகத்தால் சுரண்டுவேன்.

அதையெல்லாம் போடுவதற்கு ஒரு டிவி பெட்டி வைத்திருந்தேன். டிவி பழுதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெட்டி மட்டும் குடும்பத்தில் ஓர் அங்கமாக இருக்கிறது. அடுத்த டிசம்பரில் அதைத் திறந்தால், நாலு சீரியல் செட்டும் ஒரு ஸ்டாரின் வாலும் சேர்ந்து ஒரே பிண்டமாக வெளியே வரும். கிறிஸ்மஸ் மரமாக நட்ட சவுக்குக் கிளையின் ஊசிகள் இரட்டை வயரின் இடுக்கில் செருகிக்கொண்டு, காய்ந்து, பழுப்பேறி, விரலில் குத்தும். ஒரு பிளக்கைப் பிடித்து இழுத்தால் இன்னொரு செட்டின் கன்ட்ரோல் பெட்டி எழுந்து வரும். திண்ணையில் சம்மணம் போட்டுத் தலையைக் குனிந்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். "அப்பா ஜெபத்துல இருக்காங்க, சத்தம் போடாத" என்று பெரியவன் சின்னவளை அதட்டுவான். அந்த நேரம் என் உதடு அசைந்தது உண்மைதான். ஜெபமில்லை.

இந்த நிலையில்தான் விஞ்ஞானம் எனக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவில் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு உருட்டி உருட்டிப் பார்த்து, 2007-இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். 3,415 தடவை உருட்டினார்களாம். சில விநாடி உருட்டினாலே போதும், நூல் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு 2008-இல் இதற்குக் கிடைத்தது. எனக்கு நிஜ நோபலே கிடைத்த மாதிரி இருந்தது. முடிச்சு தானாக விழுகிறது! நான் போடவில்லை! ராத்திரிச் சாப்பாட்டில் இதை அறிவித்தேன்.

"அந்தப் பெட்டி எவ்வளவு பெருசாம்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

அந்தக் கேள்வி வந்திருக்கக் கூடாது. ஏனென்றால் கட்டுரையில் அதுவும் இருக்கிறது. நூல் அரை மீட்டருக்கும் குறைவாக இருந்தால் முடிச்சே விழுவதில்லை. நீளம் கூடக்கூட விழுகிறது. பெட்டி சின்னதாகி, நூல் புரள இடமில்லாமல் போனால் முடிச்சு குறைகிறது. விறைப்பான நூலிலும் குறைகிறது. சுருளுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் நூல் முனைதான், உருட்ட உருட்ட மேலும் கீழும் நுழைந்து பின்னிவிடுகிறது. வேலையில்லாமல் அலைகிற முனை, தாராளமான பெட்டி: இரண்டையும் நான் வஞ்சனையில்லாமல் கொடுத்துவந்திருக்கிறேன்.

"இதைத்தானே வருஷா வருஷம் சொல்லுதேன். அந்த டிவி பெட்டியத் தூரப் போடுங்கன்னு."

3,415 தடவை உருட்டாமலே கண்டுபிடித்திருக்கிறாள். பரிசு கொடுக்கத்தான் ஆளில்லை.

எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882-இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்விளக்குகளைத் தொங்கவிட்டார். மரத்தையும் மின்சாரத்தால் சுற்றவைத்தார். சரித்திரம் அவரைத்தான் கொண்டாடுகிறது. அந்த 80 பல்பையும் கழற்றிச் சுற்றி எடுத்துவைத்த புண்ணியவான் யார் என்பதில்தான் எனக்கு அக்கறை.

இந்த வருஷம் வீட்டுக்காரியின் மேற்பார்வையில் வேலை நடந்தது. பட்டுச்சேலை வந்த அட்டைப்பெட்டியின் மூடி. அதன் இரு ஓரத்திலும் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. பனியில் கிடந்த வயரை முதலில் நிழலில் உலர்த்தி, சவுக்கு ஊசிகளைப் பொறுக்கிவிட வேண்டும். பிறகு பிளக் இல்லாத முனையை ஒரு வெட்டில் செருகி, இழுக்காமல், தளர்வாகச் சுற்றிக்கொண்டே வந்து, பிளக் பக்கத்து வயரை மறு வெட்டில் மாட்டிவிட வேண்டும். நான் வழக்கம்போலப் பிளக்கிலிருந்து ஆரம்பித்தேன். "அப்பொ அடுத்த வருஷம் ஏணியில ஏறுறதுக்கு முன்னாடி எரியுதான்னு எப்படிப் பார்ப்பீங்க?" நியாயம். பிளக் வெளியே இருந்தால் அட்டையோடு ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்துவிடலாம். பழைய அரிசி பல்பு என்றால் அதுவும் வேண்டாம், சூடாகும்.

சுற்றியதன் மேல் பெயர் எழுதும் பொறுப்பு மட்டும் எனக்கு. "நன்றாக எரியும்" என்று ஒன்று. "பாதி எரியும்" என்று ஒன்று. வரிசையாகக் கோத்த பல்புகளில் ஒன்று கண்ணை மூடினால் அந்த வரிசையே மூடிக்கொள்ளும். குற்றவாளி ஒரே ஒரு பல்பு என்று தெரிந்த பிறகு மொத்தத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போட மனசு வருமா? எனக்கு வராது. மூன்றாவதில் "உதிரிக்கு" என்று எழுதினேன். அதன் பல்புகளை மற்றதற்குப் பொருத்துவதாகத் திட்டம். எந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை.

நாலாவது செட்டை எடுத்தபோது அட்டை தீர்ந்துவிட்டது. பீரோவைத் திறந்து இன்னொரு பட்டுச்சேலைப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருந்தது அந்த மூணுதான். இன்னொரு அட்டை வேணும்னா சேலையோடதான் கிடைக்கும். சாயங்காலம் டவுனுக்குப் போவமா?"

நாலாவது செட்டை இப்போதைக்கு டிவி பெட்டியிலேயே போட்டிருக்கிறேன். ஒரே செட்தானே. பின்னிக்கொள்ள அதற்கு வேறு துணை ஏது?