மணலைச் சமன் செய்ய ஓர் ஆள்

கேள்வி: எனக்கு ஓடவும் வராது, தாண்டவும் வராது. உள்ளூர் தடகள கிளப்பில் எனக்கென்ன வேலை?

பதில்: ஓட வராதா? ரொம்ப நல்லது. அங்கே ஓட நிறைய பேர் உண்டு. ஓரிடத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை! நீளம் தாண்டுதலைப் பாருங்கள். கால் ஊன்றித் தாண்டும் பலகைக்கு மிக அருகே மணலில் பதிந்த தடத்திலிருந்துதான் அளப்பார்கள். கை பின்னால் ஊன்றியிருந்தால் கைத்தடம்தான் கணக்கு. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அளந்ததும் மணலைச் சமன் செய்தால்தான் அடுத்த பிள்ளை தாண்ட முடியும். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலேயே சுமார் 70,000 தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். நிறைவு விழாவில் அரங்கமே அவர்களுக்குக் கைதட்டியது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் நில்லுங்கள். வேலை தானாக உங்களைத் தேடி ஓடி வரும்.