மிளகுக்குக் கிடையாது, காப்பிக்கு உண்டு

தாண்டிக்குடித் தோட்டங்களில் முள்முருங்கை மேல் படர்ந்த மிளகுக்கொடியை வருமான வரிக்காரர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அது சுத்த விவசாயம். அதே மரத்து நிழலில் நிற்கும் காப்பிச் செடிமேல்தான் சந்தேகம். பழமாக விற்றால் விவசாயம். பல்பரில் தோலுரித்துக் காயவைத்து விற்றாலும் விவசாயமே. மில்லில் உமி நீக்கித் தரம் பிரித்து விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வியாபாரமாகிவிடும். வறுத்து அரைத்தால் 40. சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும் அதே 40தான் என்றது வருமான வரியின் 7பி விதி. சிக்கரி கலக்கும் பாவத்துக்குத் தனி வரி போடாமல் விட்டது பெரிய அநியாயம்.

என் பெரியப்பா உமி நீக்கி விற்கிற கட்சி. அந்த 25 சதவீதத்தில் பிறந்ததுதான் 2011-12 மதிப்பீட்டு ஆண்டின் பாக்கி, ஒன்பதாயிரத்துச் சொச்சம். காப்பி வியாபாரியிடம் பேசுகிற மாதிரி பேசி ஆறாயிரத்துக்கு முடித்துவிடலாம் என்று மலைவாழைத் தார் ஒன்றோடு வத்தலக்குண்டு ஆடிட்டரிடம் இறங்கினார்.

"பேரமெல்லாம் கிடையாதுங்கய்யா. தவணை கேக்கலாம். ஆனா வட்டி நிக்காது. மாசத்துக்கு ஒரு பர்சன்ட். மாசம் பொறந்து ஒரு நாள் ஆனாலும் முழு மாச வட்டி."

"2020-ல என்னமோ சமாதானத் திட்டம் வந்துச்சாமே?"

"விவாத் சே விஸ்வாஸ். வரியைக் கட்டினா வட்டி, அபராதம் தள்ளுபடி. ஆனா அப்பீல் போட்டு வழக்கு நடந்திருக்கணும். நீங்கதான் போடலையே."

"சண்டை போட்டவனுக்குத் தள்ளுபடி, சும்மா கெடந்தவனுக்கு வட்டியா?"

ஆடிட்டர் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2023 மார்கழியில் பெரியப்பா வட்டியோடு கட்டத் தீர்மானித்தார். முருகன் இந்த மலையிலிருந்து ஒரே தாண்டில் பழனிக்குப் போனார் என்பார்கள். ஓடிபிக்கு அந்த அருள் இல்லை. நான் லேப்டாப்போடு ஒரு கொண்டை ஊசி வளைவில் குந்தியிருக்க, அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறைமேல் நின்றார். ஒருவழியாகப் பணம் போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரி 1-ம் தேதி நிர்மலா சீதாராமன் இடைக்கால பட்ஜெட் வாசித்தார். 1962 முதல் கிடக்கிற சில்லறைப் பாக்கிகளை அரசு கைகழுவுகிறதாம். 2009-10 நிதியாண்டு வரை 25,000 ரூபாய்க்குள், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 10,000-க்குள். ஒரு கோடிப் பேருக்கு நிம்மதி. அப்போது நடப்பிலிருந்த வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்ததே 1962-ல்தான்; முதல் வருடத்துப் பாக்கியே அறுபது வருடம் தாங்கியிருக்கிறது. பெரியப்பாவுக்கு இரண்டு மாதம் தாங்கவில்லை.

கட்டின பணம் திரும்பி வராது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அந்த அக்டோபரில் இரண்டாவது விவாத் சே விஸ்வாஸ் வந்தது. அதுவும் வழக்கு வைத்திருந்தவர்களுக்கே. மறுநாள் முதல் பஸ்ஸில் பெரியப்பா வத்தலக்குண்டு போய் இறங்கினார்.

"தம்பி, எனக்கு ஒரு அப்பீல் போட்டு வையி."

"எதுக்குங்கய்யா? உங்களுக்குத்தான் பாக்கியே இல்லையே."

"எதுக்காவது போட்டு வையி."