பெயர் வேண்டாம், பதில் வேண்டும்

குறைந்த செலவில் மனநல ஆலோசனை பற்றிப் போன முறை நாலு வரி எழுதினேன். பெரம்பலூர் பக்கத்துச் செட்டிகுளத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை. வெங்காய விலையைப் பற்றிக் கேட்டால் இனிஷியல், அப்பா பெயர், செல் நம்பர் எல்லாம் போடுகிறவர்கள், மனசைப் பற்றிக் கேட்டால் ‘ஒரு வாசகர்’ ஆகிவிடுகிறார்கள். பரவாயில்லை. கையெழுத்தை வைத்து நான் யாரையும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

கே: பையன் இன்ஜினீயரிங் கவுன்சலிங் முடிந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை. ‘கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்க’ என்கிறார் அவனுடைய டீச்சர். இன்னொரு தடவையா?
— ஒரு அப்பா, செட்டிகுளம்

ப: அது வேறு, இது வேறு. அங்கே எந்தக் காலியிடம் கிடைத்தது என்று திரையில் வந்துவிடும். இங்கே எங்கே காலி என்று பையன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்லும்வரை அவசரப்படாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். உங்களுக்குக் கஷ்டமான பகுதி அதுதான்.

கே: கவுன்சிலரைப் பாருங்கள் என்கிறீர்கள். எங்கள் ஒன்றியக் கவுன்சிலரையே பார்க்க முடியவில்லையே?
— ஒரு வாக்காளர், நாட்டார்மங்கலம்

ப: எழுத்து ஒன்று, வேலை இரண்டு. யார் அதிகம் பேசுகிறார் என்று கவனியுங்கள். அவர் பேசினால் ஒன்றியம், நீங்கள் பேசினால் மனநலம்.

கே: வெங்காயம் மாதிரி மனசை உரித்து உரித்துப் பார்ப்பார்களாமே?
— வெங்காய வியாபாரி, செட்டிகுளம்

ப: வெங்காய ஊர்க்காரரே இப்படிக் கேட்கலாமா? நீங்கள் வெங்காயத்தை உரித்தா வைக்கிறீர்கள்? தரையில் படாமல் கல் அடுக்கி மேடை போட்டு, அடியிலும் பக்கத்திலும் காற்றோட்டம் விட்டு, மழைச்சாரல் அடிக்காமல் மேலே மூடிப் பட்டறை போடுகிறீர்கள். நடுநடுவே கையை விட்டுப் பார்த்து, அழுகினதைப் பொறுக்கி எடுக்கிறீர்கள். நல்ல ஆலோசகர் செய்வது அதுதான். உரிக்கிறவரிடம் போனால் கண்ணீர்தான் மிச்சம்.

கே: டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசலாம். அதற்குப் போய் ஆயிரம் ரூபாயா?
— டிராக்டர் ஓட்டுநர், பாடாலூர்

ப: டீக்கடையில் நீங்கள் ‘தூக்கம் வரலைப்பா’ என்று ஆரம்பித்ததும், எதிரே இருப்பவர் ‘எனக்கு மூணு மாசமாவே வரலை’ என்று முந்திக்கொள்வார். கடைசியில் அவருக்கு நீங்கள் ஆறுதல் சொல்லி, டீக்காசும் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

ஆனால் காசு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தடவைக்கு ஆயிரம் என்றால் எட்டு வாரத்துக்கு எட்டாயிரம். விலை ஏறட்டும் என்று சரக்கைப் பட்டறையில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமா? அதனால்தான் பயிற்சியில் இருப்பவர்களைப் பற்றி எழுதினேன். உளவியல் படித்துக்கொண்டிருப்பவர் உங்களோடு பேசுவார். அனுபவசாலி ஒருவர் அவரை மேற்பார்வை பார்ப்பார். கட்டணம் குறைவு, பல இடங்களில் கட்டணமே இல்லை.

கே: அப்படியானால் நான்தான் சோதனை எலியா?
— தையல்காரர், செட்டிகுளம்

ப: என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவி. அந்தப் பெண்ணின் கை நடுங்கியது. நாற்காலியைப் பிடித்திருந்த என் கை அதைவிட நடுங்கியது. பின்னால் நின்ற ஆசிரியர் குரலை உயர்த்தாமல், ‘இடது பக்கம் கொஞ்சம் அசைச்சுப் பாரும்மா’ என்றார். அசைத்தாள், வந்துவிட்டது. ஆசிரியர் குனிந்து என் வாய்க்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். இன்றைக்கு அந்த இடத்தில் பல்லும் இல்லை, வலியும் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ‘எல்’ போர்டு தொங்கும். ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நான் பயப்படுவது ‘எல்’ போர்டும் இல்லாமல், இரண்டாவது பிரேக்கும் இல்லாமல், ‘30 வருட அனுபவம்’ என்று கண்ணாடியில் எழுதிக்கொண்டு வரும் காரைப் பார்த்துத்தான்.

கே: இதெல்லாம் புது ஃபேஷனா?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஆலத்தூர் கேட்

ப: நூறு வருஷத்துப் பழசு, ஐயா. ஏழைக்கு உடம்புக்கு அறுவை சிகிச்சை கேட்கும் உரிமை இருப்பதுபோல மனசுக்கும் உதவி கேட்கும் உரிமை உண்டு என்று 1918-ல் புடாபெஸ்ட் நகரில் பேசினார் சிக்மண்ட் ஃப்ராய்டு. அவர் பேசியதை மாக்ஸ் ஐட்டிங்கன் செய்து காட்டினார். 1920 பிப்ரவரியில் பெர்லினில் அவர் திறந்த மருத்துவமனையில் முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். பயிற்சியில் இருந்தவர்களும் அங்கே சிகிச்சை தந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் மூத்தவர் ஒருவரிடம் போய், என்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்று ஒப்பிக்க வேண்டும். குறைந்த கட்டணமும் மேற்பார்வையும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். இன்று சிலர் ஒரு பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

கே: பெர்லின் சரி. நம்மைப் போன்ற கிராமத்தில் எடுபடுமா?
— அங்கன்வாடிப் பணியாளர், செட்டிகுளம் அருகே

ப: கோவாவில் எடுபட்டது. ‘சங்கத்’ என்ற அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சேர்ந்து, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். கடும் மனச்சோர்வில் இருந்த 495 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் மூன்று மாதத்தில் தேறியவர்கள் நூற்றுக்கு 39. அந்த உள்ளூர் ஆட்களிடம் ஆறு முதல் எட்டு முறை பேசியவர்களில் 64. பயிற்சி பெற்ற அந்த ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்பது மட்டும் காரணமல்ல. பேச்சை ஒலிப்பதிவு செய்து, பிறகு கூடி உட்கார்ந்து போட்டுக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அதுவும் மேற்பார்வைதான்.

ஜிம்பாப்வே கதை உங்களுக்கு இன்னும் பிடிக்கும். ஹராரேயில் 2006-ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வாசலில் மர பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். அங்கே மனச்சோர்வுக்கு ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். ரொம்ப யோசிப்பது என்று அர்த்தம். நம் அப்பாயிக்கும் தெரிந்த நோய்தான். என்ன, நம் அப்பாயி ‘கண்டதையும் யோசிக்காதடி’ என்பார். அந்தப் பாட்டி ‘என்னடி யோசிக்கிறே?’ என்று கேட்கிறார்.

கே: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
— மெடிக்கல் ஷாப் ஊழியர், பெரம்பலூர்

ப: ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பலகை மாட்ட வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அது 1992-ம் வருடச் சட்டம். பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘ஆலோசகர்’ என்ற பலகைக்கு நெடுங்காலம் அப்படிப் பூட்டு கிடையாது. 2021-ல் வந்த சட்டம்தான் அவர்களையும் பதிவுக்குரிய தொழில் பட்டியலில் சேர்த்தது.

பயிற்சியில் இருப்பவரிடம் பதிவு எண் இருக்காது. அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ‘உங்களுக்கு மேலே யார்?’ பெயர், தகுதி, எந்தக் கிழமை அவரைச் சந்திப்பார் என்று மூன்றும் சட்டென்று வந்தால் உட்காருங்கள். ‘மேலே ஆண்டவன்’ என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கே: மேலே ஒருவர் இருக்கிறார் என்றால் என் ரகசியம் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேருக்குத் தெரிந்தால் செட்டிகுளத்துக்கே தெரிந்த மாதிரி.
— ஒரு மருமகள்

ப: நியாயமான பயம் அம்மா. முறையாகப் பயில்கிறவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: ‘நான் பயிற்சியில் இருக்கிறேன். நீங்கள் யார் என்று காட்டிக்கொடுக்காமல் இதை என் மேற்பார்வையாளரிடம் பேசுவேன். சம்மதமா?’ ஒலிப்பதிவு என்றால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது. விதிவிலக்கு சில உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் என்றால் போக்சோ சட்டப்படி மறைப்பதே குற்றம்.

உங்கள் ஊர் ஆள் உட்கார்ந்திருக்கும் இடமாக இருந்தால் அடுத்த ஊருக்குப் போங்கள். சட்டத்தை விட பஸ் நம்பகமானது.

கே: செட்டிகுளத்திலிருந்து எங்கே போவது?
— பலர்

ப: பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரும் மாத்திரையும் இலவசம். ஒரு குட்டி வரலாறு: நாட்டில் இந்தத் திட்டம் 1996-ல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நாலு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. பெரம்பலூர் திருச்சியை விட்டுப் பிரிந்தது 1995-ல். தனிக்குடித்தனம் போன மறுவருஷமே தாய் வீட்டில் விருந்து போட்ட கதை.

மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. சிறுவாச்சூரில் ஒன்று, 2022-ல் திறந்த அரியலூர் அரசுக் கல்லூரி, திருச்சி. அப்படிப்பட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போனால் முதலில் உங்கள் கதையைக் கேட்டு எழுதிக்கொள்பவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்தான். பிறகு பேராசிரியர் வந்து, எழுதினதைப் படித்து, விட்டுப்போனதைக் கேட்பார். ஒரே கதையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டாவது தடவைதான் இரண்டாவது பிரேக்.

போக முடியாதவர்களுக்கு 14416. டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும், தமிழில். ராத்திரி இரண்டு மணிக்கு ஆலத்தூர் கேட்டுக்கு ஏது பஸ்?

கே: சிறுவாச்சூர் மதுரகாளியம்மனிடம் சொன்னால் போதாதா?
— ஒரு பக்தை

ப: சொல்லுங்கள். அங்கே வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. மீதி ஐந்து நாளுக்கு ஒருவர் வேண்டாமா? திருச்சிப் பக்கம் குணசீலத்தில், மனம் சரியில்லாதவர்களை ஒரு மண்டலம் தங்க வைக்கும் பெருமாள் கோயிலை ஒட்டியே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. பெருமாளுக்கே ஆட்சேபம் இல்லை.

கே: எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறேன். முதன்முதலாக என்னிடம் பேச வந்த அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?
— பயிற்சி மாணவி, பெரம்பலூர்

ப: அழுதது தப்பில்லை. அதை மேற்பார்வையாளரிடம் மறைத்தால் தப்பு. அந்த அம்மா சொன்ன எந்த வார்த்தையில் உங்களுக்குக் கண் கலங்கியது என்று யோசித்து எழுதி வையுங்கள். அடுத்த சந்திப்பில் அதைத்தான் முதலில் பேச வேண்டும். மேற்பார்வை என்றால் மில் சூப்பர்வைசர் மாதிரி லேட்டாக வந்தால் திட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகாமல் இறக்கி வைக்கிற சுமைதாங்கிக் கல் அது. வெளியூர்ச் சாலைகளில் அந்தக் கல் இன்னும் சில இடங்களில் நிற்கிறது. பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

கே: எனக்குப் பழகிய பெண் படிப்பு முடிந்து போய்விட்டாள். இப்போது புது ஆளிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.
— ஒரு வாசகி, அரியலூர்

ப: இந்த ஏற்பாட்டின் உண்மையான குறை இதுதான், மழுப்ப மாட்டேன். பயிற்சிக் காலம் முடிந்ததும் ஆள் மாறிவிடும். விவரமான இடத்தில் சில வாரம் முன்பே தேதியைச் சொல்லி, கடைசிச் சந்திப்பில் புது ஆளையும் அறிமுகப்படுத்துவார்கள். சொல்லாமல் மாற்றியிருந்தால் மேற்பார்வையாளரிடம் கோபப்படுங்கள். அந்தக் கோபம் உங்கள் நோயல்ல.

கே: பயிற்சியில் இருப்பவர் போதாத நேரம் எது?
— ஒரு செவிலியர்

ப: இல்லாத குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமே இல்லை, குடியை நிறுத்தியதும் கை நடுங்கி உளறுகிறார், செத்துவிடலாம் என்று பேசுகிறார் என்றால் நேரே மருத்துவரிடம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் ‘சும்மா மிரட்டுறான்’ என்று விடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘சிநேகா’வில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இதற்காகவே தொலைபேசி எடுக்கிறார்கள்: 044-24640050.

கே: வீட்டுக்காரரை அழைத்தால் ‘நான் என்ன பைத்தியமா?’ என்கிறார்.
— இன்னொரு மருமகள்

ப: நீங்கள் மட்டும் போங்கள். நாலு வாரம் கழித்து, ‘அங்கே என்னைப் பத்தி என்ன சொன்னே?’ என்று அவரே கேட்பார். அன்றைக்குக் கூட்டிப் போகலாம்.

கே: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் போனதுண்டா?
— ஒரு வாசகர்

ப: உண்டு. எட்டு முறை, பயிற்சியில் இருந்த ஒரு தம்பியிடம். எந்த ஊர், என்ன விஷயம் என்று கேட்காதீர்கள். இந்த வாரம் யாருமே பெயர் போடவில்லை அல்லவா, அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.